பதினெட்டுப் பேரும் எண்பத்தாறு பேரும்

1604 ஆம் ஆண்டிலே கொரிய அரசன் சொன்ஜோ பாராட்டுப் பட்டியல்கள் சிலவற்றை வெளியிட்டான். நாட்டைச் சுடுகாடாக்கிய யப்பானியப் படையெடுப்பு ஓய்ந்து அப்போது ஆறாண்டுகள் ஆகியிருந்தன. நாட்டைக் காத்தவர் யாவர் என்பதை அரசே தீர்மானித்து, பட்டமும் நிலமும் அடிமைகளும் வழங்கவேண்டிய வேளை அது. அப்பட்டியல்களுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். களத்திலே நின்று பொருதோருக்கும், சீனத்திடம் படைத்துணை வேண்டித் தூது சென்றோருக்கும் உரிய பட்டியலிலே 18 பெயர்கள் இருந்தன. தலைநகரைக் கைவிட்டு வடக்கெல்லைக்கு ஓடிய அரசனுடன் கூடவே சென்றோருக்குரிய பட்டியலிலோ 86 பெயர்கள் இருந்தன. அந்த எண்பத்தாறு பேருள் அரண்மனை அண்ணகர்களும் அரசனின் குதிரைப் பாகர்களும் அடங்குவர்.

போரிட்டவன் ஒருவனுக்கு ஓடியவர் ஐவர் என்பது அரசனின் கணக்கு. இந்தக் கணக்கு எவ்வாறு வந்தது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

கொரியா எவ்வாறு பிழைத்தது என்னும் வினாவுக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படும். மிங் அரசு படை அனுப்பிக் காத்தது என்பது ஒன்று. இது சொன்ஜோவின் சொந்தக் கருத்து. தன் தளபதிகள் சீனப்படையின் பின்னே சென்றவர்களே அன்றி வேறல்லர் என்று அவன் போருக்குப் பின் வெளிப்படையாகவே கூறினான். யி சுன்-சின் என்னும் ஒப்பற்ற கடற்றளபதி தனியொருவராய்க் காத்தார் என்பது மற்றொன்று. சியோல் நகரின் நடுவே 1968 இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை இதைத்தான் சொல்லுகின்றது. இரண்டிலும் உண்மை உண்டு. முழு உண்மை எதிலும் இல்லை. இப்போரின் முடிவைத் தீர்மானித்தது அரிசி என்றே நாம் கருதுகிறோம். அந்த அரிசியைப் பகைவன் கைக்கு எட்டாமற் காத்தவர் யாவர் என்று தேடிப் போனால், அரசனின் பட்டியலிலே இல்லாத மனிதர் ஆயிரக்கணக்கில் எதிர்ப்படுகின்றனர்.

1590 இல் யப்பான் முழுவதையும் தன் ஆணைக்குக் கீழ்ப்படுத்திய தொயொத்தோமி ஹிதெயோஷி, அடுத்துச் சீனப் பேரரசையே வெல்லப்போவதாகக் கூறினான். கொரியா வழிவிட வேண்டும் என்பது அவன் கோரிக்கை. நிலைமையை நேரிற் கண்டறியக் கொரிய அரசவை தூதுக்குழு ஒன்றை அனுப்பியது. 1591 இல் திரும்பி வந்த தூதர் இருவரும் இரு வேறு கட்சியினர். போர் வருவது உறுதி என்றார் ஒருவர். வராது என்றார் மற்றவர். வராது என்றவரின் கட்சி அப்போது அரசவையிலே ஓங்கியிருந்தது. ஆகவே போர் வராது என்பதே அரசின் கொள்கையாயிற்று! அவ்வாறு கூறிய கிம் சொங்-இல் பிற்காலத்தவரின் ஏச்சுக்கு நிரம்ப ஆளானவர். ஆனால் போர் மூண்டபின் அதே மனிதர் தென்பகுதியிலே உழவர் படைகளைத் திரட்டுவதிலே ஓயாது உழைத்து, 1593 இல் நோயுற்று அங்கேயே மாண்டார் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லியாகவேண்டும். அரசவையிலே பிழைசெய்தோர் பலர். பிழைக்கு உயிர் கொடுத்தோர் சிலரே.

இன்னொன்றையும் குறிப்பிடல் வேண்டும். போருக்குச் சற்று முன்னர், சுஷிமாத் தீவின் தலைவன் கொரிய அரசனுக்குத் திரித் துவக்குகளைப் பரிசாக அளித்திருந்தான். போர்த்துக்கேயர் 1543 இல் யப்பானுக்குக் கொண்டுவந்த அந்தத் துவக்கினாலேதான் ஹிதெயோஷியின் படைகள் வெற்றிமேல் வெற்றி கண்டன. பரிசாய் வந்த துவக்கு என்னவாயிற்று? ஆயுதசாலையிலே வைத்துப் பூட்டப்பட்டது.

1592 மே 23 அன்று யப்பானியரின் முதலணி பூசான் துறையிலே இறங்கியது. ஒன்பது அணிகளாக ஏறத்தாழ 158,000 பேர் இப்படையெடுப்புக்கென வகுக்கப்பட்டிருந்தனர். பூசானும் அடுத்து தொங்னேயும் ஒவ்வொரு நாளில் வீழ்ந்தன. இரண்டு கோட்டைத் தலைவர்களும் சரணடையாது மடிந்தனர். அவ்விருவருக்குப் பின்னே படை இருந்ததா? இருந்தது, ஆனால் அது காத்திருந்தது. தாக்குதல் நேர்ந்தால் ஊர்ப்படைகள் ஓரிடத்திலே கூடித் தலைநகரிலிருந்து தளபதி வரும்வரை நிற்கவேண்டும் என்பது அக்காலக் கொரிய ஏற்பாடு. ஊரவர் தேகு நகருக்கு அருகே கூடினர். தளபதி வந்திலன். மழை பெய்தது; கையிலிருந்த உணவு தீர்ந்தது. கூடியவர்கள் இரவோடிரவாகக் கலைந்தனர். உழவனை வீரனாக்க முடியும். ஆனால் அவனை மழையிலே பட்டினி போட்டு, யாரோ ஒருவன் வந்து கட்டளையிடும் வரை நிற்கச் சொல்ல முடியாது.

தளபதி யி இல் இறுதியில் சாங்ஜு நகருக்கு வந்து சேர்ந்தபோது அங்கே படை இல்லை. களஞ்சியத்தைத் திறந்து அரிசி கொடுத்துச் சிதறியிருந்த உழவர் சில நூற்றுவரைத் திரட்டினான். பகைவன் அருகில் வந்துவிட்டான் என்ற செய்தியை ஓர் ஊரவன் ஓடிவந்து கூறினான். வதந்தி பரப்பிக் குழப்பம் விளைத்தான் என்று குற்றஞ்சாட்டி அவன் தலையைத் துணித்தான் தளபதி. மறுநாள் பகைவன் வந்தான். யி இல் குதிரையேறித் தப்பினான். அரிசிக்காக வந்த உழவர்கள் தப்பவில்லை. இதனை எழுதி வைத்தவர் அப்போது முதன்மை அமைச்சராக உயர்ந்த ரியூ சொங்-ரியோங். போருக்குப் பின் அவர் எழுதிய ‘ஜிங்பிரொக்’ என்னும் நூலிலே, ஆட்சியிலிருந்த ஒருவர் தம் அரசின் குறைகளை இத்துணை ஒளிவின்றிச் சொல்லியிருப்பது வியப்புக்குரியது.

அடுத்துச் சுங்ஜு. மலைக்கணவாயைக் காப்பதை விட்டு, ஆற்றை முதுகுப்புறமாக வைத்துச் சேற்று வயல்வெளியிலே குதிரைப்படையை நிறுத்தினான் சின் ரிப். துவக்குகளின் முன்னே அது அழிந்தது. அவனும் ஆற்றிலே மாண்டான். பூசானில் இறங்கி இருபதாம் நாளே, ஜூன் 12 இல், தலைநகரம் யப்பானியர் கையில் இருந்தது.

அரசன் அதற்கு முன்பே, மழை பெய்த இரவொன்றிலே நகரை விட்டிருந்தான். நகரைக் காப்போம் என்று கூறி மக்களை அமைதிப்படுத்திய பின்னரே இது நடந்தது. அவன் சென்றதை அறிந்த மக்கள் முதலிலே தீயிட்டது எவற்றுக்குத் தெரியுமா? அடிமைகளின் பதிவேடுகள் இருந்த அலுவலகங்களுக்கு என்று ரியூ முதலாயினோர் எழுதியுள்ளனர். யப்பானியன் இன்னும் நகருக்குள் காலடி வைக்கவில்லை! பகைவனைக் கண்டு நடுங்க வேண்டிய நேரத்திலே தன் அடிமைச் சீட்டை எரிக்க ஓடினான் கொரியன். அத்தகைய நாட்டை அன்னியன் இருபது நாளிற் கடந்ததற்குத் துவக்கு ஒன்றே காரணம் என்று கூறுவோரை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பியோங்யாங்கிலும் நில்லாது எல்லையோர உய்ஜு வரை சென்ற அரசன், சீன நாட்டுக்குள்ளேயே புகுந்துவிடவும் எண்ணினான். எல்லையைக் கடந்து ஓரடி வைத்தாலும் நாடு நம்முடையதாக இராது என்று ரியூ தடுத்து நிறுத்தினார்.

இனி அரிசிக்கு வருவோம். யப்பானியப் படை இறங்கிய மாதம், கொரியாவின் தெற்கிலே வாற்கோதுமை அறுவடையும் நாற்று நடுகையும் நெருங்கும் காலம். மலைக்கு ஓடியவன் நாற்று நட முடியாது. நடாத வயலிலே மாரிக்கு முன் அறுப்பதற்கு ஒன்றும் இராது. உழுதுண்பார்க்கு இதனை நாம் விளக்கத் தேவையில்லை. வந்தவன் வழியெங்கும் களஞ்சியங்களைக் கைப்பற்றி உண்டான். உண்டது தீர்ந்ததும் அவனுக்கு இரு வழிகளே இருந்தன. யப்பானிலிருந்து கப்பல்கள் அரிசியேற்றி மேற்குக் கடல் வழியே பியோங்யாங்குக்கு வருதல் ஒன்று. கொரியாவின் நெற்களஞ்சியமாகிய தென்மேற்கு ஜொல்லா மாகாணத்தைப் பிடித்தல் மற்றொன்று.

முதல் வழியை அடைத்தவர் யி சுன்-சின். 1591 இலேதான் அவர் ஜொல்லாவின் இடப்புறக் கடற்படைக்குத் தலைவரானார். ரியூவின் பரிந்துரையால் வந்த பதவி அது. தட்டையான அடியுடைய கனத்த போர்க்கப்பல்கள் அவரிடம் இருந்தன. யப்பானியன் கப்பலோடு கப்பலை அணைத்து ஏறி வாட்போர் செய்ய விரும்புவான். கொரியனோ எட்ட நின்று பீரங்கியால் உடைப்பான். பேர்பெற்ற ஆமைக்கப்பலின் பீரங்கிகளை அவர் சுட்டுப் பார்த்தது பூசானிலே பகைவன் இறங்கியதற்கு முன்னாள் என்பது அவருடைய நாட்குறிப்பினால் தெரிகின்றது. ஆமைக்கப்பலைப் பற்றியே பேசிப் பேசி மற்றவற்றை மறப்போர் உளர். அவை மிகச் சிலவே. வேலையின் பெரும்பங்கைச் செய்தவை சாதாரணப் போர்க்கப்பல்கள், அவற்றின் துடுப்புகளை வலித்த கரையோர மக்கள். 1592 ஆகஸ்ட் 14 இல் ஹன்சான் தீவருகே வகிஸாகா யசுஹாருவின் 73 கப்பல்களை அகன்ற கடலுக்கு இழுத்து வந்து, கொக்கின் விரித்த சிறகு போல அணிவகுத்துச் சூழ்ந்து, 59 கப்பல்களை அழித்தும் பிடித்தும் கொண்டார். அதன்பின் கடற்போரைத் தவிர்க்குமாறு ஹிதெயோஷியே ஆணையிட்டான். பியோங்யாங்கிலே இருந்த கொனிஷி யுகினாகாவின் படை, வராத கப்பல்களுக்காகக் காத்திருந்தது.

இரண்டாம் வழியை அடைத்தவர்களின் பெயர்கள்தாம் மங்கிப்போயின. ஜொல்லாவைப் பிடிக்கவென்றே கொபயகாவாவின் அணி அனுப்பப்பட்டது. மலைக்கணவாய்களிலே அதனை மறித்தவர்கள் குவொன் யுல்லின் சிறு படையினரும், தாமாகவே திரண்ட ஊர்ப்படையினரும். கியோங்சாங் மாகாணத்திலே போர் தொடங்கிச் சில நாட்களுக்குள் சொந்தச் செலவில் படை திரட்டியவர் குவாக் ஜே-உ. தேர்விலே வென்றும் பதவி பெறாதவர். செந்நிற மேலாடை அணிந்து போரிட்டமையால் செவ்வாடைத் தளபதி எனப்பட்டார். நாம் ஆற்றுத்துறையிலே அவர் யப்பானியரின் படகுகளை மறித்ததால், ஜொல்லாவுக்குப் போகும் வழி அப்பக்கமும் அடைபட்டது. கும்சானிலே கவிஞரும் அறிஞருமான கோ கியோங்-மியோங் அறுபதாம் வயதில் மகனோடு களத்திலே வீழ்ந்தார். எழுபது கடந்த துறவி ஹியூஜொங் பௌத்த மடங்களிலிருந்து படை திரட்டினார். கொன்பூசியஸ் நெறி பேணிய அரசவை அத்துறவிகளை இழிந்தோராய் நடத்தி வந்தது என்பதை மறத்தலாகாது. ஜின்ஜுக் கோட்டையை நாலாயிரத்துக்கும் குறைந்த வீரரைக் கொண்டு, பன்மடங்கு பெரிய படையை எதிர்த்துக் காத்து உயிர் துறந்தார் கிம் சி-மின். பூசானிலிருந்து வடக்கே அரிசி சுமந்துசென்ற ஒவ்வொரு கூட்டமும் எந்த வளைவிலே அம்பு வரும் என்று அஞ்சியே நடந்தது.

விளைவு? 18,700 பேருடன் இறங்கிய கொனிஷியின் முதலணியிலே, 1593 இளவேனிலில் எண்ணியபோது மூன்றில் ஒரு பங்கு அளவினரே எஞ்சியிருந்தனர். போர், குளிர், நோய், பட்டினி ஆகிய நான்கும் அவர்களை உண்டன.

சீனப்படை ஆற்றிய பங்கை நாம் மறைக்க விரும்பவில்லை. 1593 தொடக்கத்திலே லி ரூசொங்கின் படை பீரங்கிகளுடன் வந்திராவிட்டால் பியோங்யாங் அத்துணை விரைவில் மீண்டிராது. ஆனால் அதே மாதத்திலேயே பியொக்ஜெகுவானிலே தோல்வி கண்டு அவன் பின்வாங்கினான். அதன் பின்னர் ஹெங்ஜு மலைக்கோட்டையிலே பெரும்படையை முறியடித்தவர் குவொன் யுல். யப்பானியர் மே மாதம் தலைநகரை விட்டு நீங்கியதற்கு, அவர்களுடைய அரிசிக் களஞ்சியங்கள் எரிந்தமை பெருங்காரணம். வந்த துணைவனுக்கும் சோறு போட்டவன் கொரிய உழவனே. அரிசி வரத் தாமதமாயிற்று என்பதற்காக, கொரியாவின் பேரமைச்சர் ரியூவை முற்றத்திலே மண்டியிட வைத்துத் தண்டிப்பேன் என்று மிரட்டினான் சீனத் தளபதி. அமைச்சர் கண்ணீர் விட்டார். அமைச்சருக்கே இந்நிலை எனில், விதைநெல்லை ஒளித்துவைத்த குடியானவனின் நிலை யாதாயிருக்கும்? 1593, 1594 ஆம் ஆண்டுகளிலே நேர்ந்த பஞ்சத்தில் மனிதரை மனிதர் தின்றனர் என்று அரசவைக் குறிப்புகளே கூறுகின்றன.

இதற்குப் பின் நடந்தது அரசியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய அதிகாரம். சீனமும் யப்பானும் சமாதானம் பேசின. எதைப் பற்றி? கொரியாவைப் பற்றி. கொரியா அந்தப் பேச்சிலே இடம்பெறவில்லை. கொரியாவின் எட்டு மாகாணங்களுள் தெற்கு நான்கையும், கொரிய இளவரசன் ஒருவனைப் பிணையாகவும், சீன இளவரசியையும் ஹிதெயோஷி கேட்டான். சீனமோ அவன் பணிந்துவிட்டான் என்றெண்ணி ‘யப்பானின் அரசன்’ என்னும் பட்டத்தை அவனுக்கு வழங்க முடிவு செய்தது. ஷென் வெய்ஜிங் என்னும் சீனத் தரகனும் கொனிஷியும் இருபுறத்தாருக்கும் இருவேறு பொய்களைக் கூறி, பணிவுக் கடிதம் ஒன்றையும் புனைந்து, மூன்றாண்டுகளை ஓட்டினர். அந்த மூன்றாண்டுகளும் யப்பானியப் படை தென்கரைக் கோட்டைகளிலே இருந்தது. பேச்சு நடந்துகொண்டிருந்த 1593 ஜூலையிலேதான் ஜின்ஜுக் கோட்டை மீண்டும் தாக்கப்பட்டு, உள்ளிருந்தோர் அனைவரும் வெட்டப்பட்டனர். 1596 இல் சீனத் தூதர் பட்டத்துடன் சென்றபோது ஹிதெயோஷி சினந்தெழுந்தான். பொய் உடைந்தது, போர் மீண்டது.

யி சுன்-சின் அவ்விடைக்காலத்தை வீணாக்கவில்லை. ஏதிலிகளாய் வந்த உழவர்களைத் தீவுகளிலே குடியேற்றி நிலம் திருத்தச் செய்தார், உப்புக் காய்ச்சினார், கப்பல் கட்டினார். கடற்படைக்குச் சோறு அரசவையிலிருந்து வராது என்பதை அவர் அறிந்திருந்தார். அவருக்கு வந்தது கைவிலங்கு! 1597 இல் யப்பானிய உளவாளி ஒருவன் கொடுத்த செய்தியை நம்பிப் புறப்படுமாறு அரசன் ஆணையிட்டான். அது பொறி என்று கருதி யி தயங்கினார். கைதுசெய்து வதைத்தனர், கொல்லவும் எண்ணினர். ஜொங் தாக் என்னும் முதிய அமைச்சர் துணிந்து மன்றாடியதால் உயிர் தப்பிப் பதவியிழந்த சாதாரண வீரராய் அனுப்பப்பட்டார். வழியிலே தாயின் இறப்புச் செய்தி வந்தது. அவருடைய பதவியைப் பெற்ற வொன் கியூன், ஆகஸ்ட் மாதத்திலே சில்சொன்னியாங் கால்வாயிலே கொரியக் கடற்படை முழுவதையும் இழந்து தானும் மாண்டான்.

ஏறத்தாழ 140,000 பேருடன் வந்த இவ்விரண்டாம் படையெடுப்பிலே யப்பானியர் முதலிற் குறிவைத்தது எதனை? ஜொல்லாவை. முதன்முறை தம்மைப் பட்டினியால் வீழ்த்தியது எது என்பதைப் பகைவன் நன்றாக அறிந்திருந்தான். அரசன் சொன்ஜோதான் அறியவில்லை. கடல் திறந்துவிட்டது, நம்வொன் வீழ்ந்தது, நெற்களஞ்சியம் கொள்ளைபோயிற்று. தலைகள் கனமானவை என்பதால் இம்முறை மூக்குகளை அறுத்து உப்பிட்டு அனுப்பினர். ஒவ்வொரு தளபதியும் எத்தனை மூக்கு ஒப்படைத்தான் என்பதற்குப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. அச்சீட்டுகளிற் சில இன்றும் உள்ளன. கியோட்டோ நகரிலே அம்மூக்குகள் புதைக்கப்பட்ட மேட்டுக்குள் குறைந்தது 38,000 பேரின் உறுப்புகள் உள என்பர். போர்க்கள வீரருடையவை மட்டுமல்ல அவை. யப்பானியப் படையுடன் வந்த கெய்னென் என்னும் பௌத்த குரு, கொரியரைக் கழுத்திலே கயிறிட்டு ஓட்டிச்சென்ற அடிமை வணிகரைக் கண்டு நொந்து தம் நாட்குறிப்பிலே எழுதியிருக்கிறார். யப்பானிலும் மனச்சான்று இருந்தது. அதன் கையிலே ஆட்சி இருக்கவில்லை.

யி மீண்டும் அழைக்கப்பட்டார். எஞ்சியிருந்தவை பன்னிரண்டு கப்பல்கள். பின்பு ஒன்று சேர்ந்து பதின்மூன்று. கடற்படையைக் கலைத்துத் தரைப்படையிலே சேருமாறு அரசன் எழுதினான். அவர் மறுத்தார். அக்டோபர் 26 இல், மியோங்னியாங் நீரிணையிலே, நீரோட்டத்தின் போக்கை அறிந்து நின்று, 133 கப்பல்களை எதிர்த்து 31 கப்பல்களை உடைத்தார். கரையோர மக்களின் தோணிகள் அவருக்குப் பின்னே பெருங் கடற்படை போலத் தோன்றுமாறு நின்றன. 1598 செப்டம்பரிலே ஹிதெயோஷி இறந்தான். நாடு திரும்பிய யப்பானியரை மறித்த நொரியாங் போரிலே, டிசம்பர் 16 அன்று யி குண்டுபட்டு மாண்டார். அதே நாளில் ரியூ சொங்-ரியோங் தலைநகரிலே பதவி நீக்கப்பட்டார்.

இப்போது அந்தப் பதினெட்டுப் பெயர்களைப் பார்ப்போம். முதல் வரிசையிலே மூவர்: யி சுன்-சின், குவொன் யுல், வொன் கியூன். கடற்படையைக் காத்தவரும் அதனை ஒரே நாளில் தொலைத்தவனும் அரசனின் தராசிலே சமம்! முதற் பரிந்துரையிலே இரண்டாம் வரிசையில் இருந்த வொன் கியூனை முதல் வரிசைக்கு உயர்த்தச் சொன்னவன் அரசனே. ஏன் என்று கேட்கவும் வேண்டுமா? யி குற்றவாளி அல்லர் என்றால் அவரைச் சிறையிட்ட அரசன் குற்றவாளியாவான். செவ்வாடைத் தளபதியின் பெயர் பட்டியலில் இல்லை. அவர் பதவிகளை உதறி மலைக்குச் சென்றுவிட்டார். கிம் தொக்-நியோங்கின் பெயர் இருக்க முடியாது. ஊர்ப்படை திரட்டிய அவ்விளைஞரை 1596 இல், வேறொருவனின் கலகத்தோடு தொடர்புபடுத்தி அரசே வதைத்துக் கொன்றது. தன் மக்கள் தாமாகவே ஆயுதம் ஏந்தக் கற்றதைப் பகைவனைக் காட்டிலும் பெரிதாக அஞ்சினான் சொன்ஜோ என்று நாம் கூறுவதற்கு இவையே சான்று. சீனமே காத்தது என்னும் கூற்றும் அந்த அச்சத்தின் குழந்தையே. சீனம் காத்தது என்றால், சீனத்தை அழைக்க ஓடியதே பெருந்தொண்டு ஆகும். உடன் ஓடிய குதிரைப் பாகனும் தொண்டன் ஆவான்.

பயிரிடும் நிலமாக வரிப்பதிவிலே இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூடப் போருக்குப் பின் எஞ்சவில்லை. பல்லாயிரவர் யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் குயவர்களும் இருந்தனர். யப்பானின் புகழ்பெற்ற அரிதாப் பீங்கானைத் தொடக்கி வைத்தவர் யி சாம்-பியோங் என்னும் கொரியர் என்பது மரபு. தம் ஊரை அவர்கள் மீண்டும் காணவில்லை.

வடகிழக்கு ஹம்கியோங் மாகாணத்திலே, கதோ கியோமாசாவின் படையை ஊர்ப்படை கொண்டு விரட்டியவர் ஜொங் முன்-பு. அவர் பெயரும் அந்தப் பதினெட்டில் இல்லை. 1624 இல் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் வதைபட்டு இறந்தார். போர் முடிந்து நூறாண்டு கழிந்த பின்னரே அவ்வூரவர் கல்வெட்டு ஒன்றை நாட்டி, அவரையும் அவருடன் நின்றோரையும் பொறித்தனர். 1905 இல், ருசியப் போரின்போது அங்கு வந்த யப்பானியப் படையினர் அக்கல்லைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். தோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்திலே, ஒரு மூலையிலே, நூறாண்டுகள் அது கிடந்தது. வடகொரியாவும் தென்கொரியாவும் சேர்ந்து கேட்டதன் பேரில் 2005 இல் சியோலுக்கு வந்த அக்கல், அடுத்த ஆண்டிலே எல்லையைக் கடந்து வடக்கே சென்று பழைய இடத்திலேயே நாட்டப்பட்டது.